ஒரு குவார்ட்டருக்கு ஏழு மணி நேரம்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ராத்திரி ஒரு விபத்து நடந்தால், காலையில் டீக்கடை திறக்கும்போதே தீர்ப்பும் வந்துவிடும். “தண்ணியப் போட்டிருப்பான்” என்பார் ஒருவர். “நம்ம ஊர்ல எவன் குடிக்காம இருக்கான் அண்ணாச்சி?” என்பார் பெஞ்சில் இருக்கும் இன்னொருவர். அதோடு பேச்சு மீன் விலைக்குப் போய்விடும். எனக்கு அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஓர் ஊரில் நிறையப் பேர் குடிப்பதும், நிறையப் பேர் குடித்துவிட்டு வண்டி எடுப்பதும் ஒன்றுதானா? இல்லை என்பது என் முடிவு. ஏன் என்று சொல்ல ஒரு டீ போதாது. இன்னொன்று சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று பார்ப்போம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இதைக் கேட்டிருக்கிறார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் இந்திய சராசரியாக நூற்றுக்கு 19 பேர் குடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 25 பேர். தெலங்கானாவில் 43, அருணாசலப் பிரதேசத்தில் 53. கேரளத்தில் 20. மதுவிலக்கு உள்ள குஜராத்தில் 6 பேர்கூட இல்லை. ஆனால் 2016 ஏப்ரலிலிருந்து முழு மதுவிலக்கு இருக்கும் பீகாரிலோ 15 பேருக்கு மேல் குடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்கப் பார்த்தால், நகரத்து ஆண்களைவிடக் கிராமத்து ஆண்கள்தான் கூடுதலாகக் குடிக்கிறார்கள்.

இப்போது சாலைக் கணக்கு. 2022இல் இந்தியாவிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. செத்தவர்கள் 17,884 பேர். விபத்தில் முதலிடம் என்பதற்காகக் குடியிலும் நாம்தான் முதலிடம் என்று சொல்லிவிட முடியாது என்பதை மேலே பார்த்த எண்களே காட்டுகின்றன. எத்தனை வண்டி ஓடுகிறது, எவ்வளவு நல்ல சாலை, விபத்தை எவ்வளவு ஒழுங்காகப் பதிகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்தது அந்த எண். குடிக்கிற மாநிலங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, மோதுகிற மாநிலங்களின் பட்டியலை எழுதிவிட முடியாது.

அமெரிக்காவில் இதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் தொலைபேசி வழியாகக் கேட்ட கணக்கெடுப்பின்படி, அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 11 கோடி தடவை மக்கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருக்கிறார்கள். அதில் ஐந்தில் நாலு பங்கு ஆண்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தத் தடவைகளில் 85 சதவீதம் ஒரே உட்காரலில் நிறையக் குடிக்கிற பழக்கமுள்ளவர்களுடையது. பகுதி என்று பார்த்தால் மத்திய மேற்கு மாநிலங்கள் மேலே இருந்தன. சோளக்காடுகள், சிறு நகரங்கள், ஊருக்கும் ஊருக்கும் நெடுந்தூரம், காரை விட்டால் வேறு வழியில்லாத ஊர்கள் அங்கே அதிகம். சீட் பெல்ட் போடாதவர்கள்தான் குடித்துவிட்டு ஓட்டுவதிலும் முன்னால் நின்றார்கள் என்பதும் அதே கணக்கில் தெரிந்தது. நம் ஊர் பைக்கில் ஹெல்மெட் எங்கே தொங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, எவ்வளவு குடிக்கிறார் என்பது ஒரு பகுதிதான். எந்த நேரத்தில் குடிக்கிறார், எதில் வீடு போகிறார், எப்போது திரும்ப வேலைக்குக் கிளம்புகிறார், வழியில் நிறுத்த யாராவது நிற்கிறார்களா என்பதெல்லாம் சேர்ந்துதான் ஓர் ஊரின் கதை. தூத்துக்குடியின் கதை மணியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கரை ஒரு காலத்தில் கடலையே நம்பி இருந்தது. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1974இல் இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு இது சாலை ஊர். நிலக்கரி, உரம், உப்பு, கன்டெய்னர் எல்லாம் லாரியிலும் டிரெய்லரிலும் ராப்பகலாகப் போகின்றன. மதுரை பக்கமிருந்து ஒரு நான்குவழிச் சாலை, திருநெல்வேலியிலிருந்து ஒன்று, வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை, தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் ஓடும் திருச்செந்தூர் சாலை, எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. அதே சாலையில்தான் வேலைக்குப் போகிறவர்களும் போகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் உப்பளத் தொழிலாளிகள் விடிவதற்கு வெகு முன்பே கிளம்புவார்கள். பெண்கள் லோடு ஆட்டோவின் பின்னால் நெருக்கி உட்கார்ந்து போவதை முள்ளக்காடு பக்கம் எந்த அதிகாலையிலும் பார்க்கலாம். விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கடலுக்குள் போய் இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டும் என்பது இந்தத் துறைமுகத்தின் முறை. அப்படியானால் படகுத் தொழிலாளி 4 மணிக்கே பைக்கை எடுத்தாக வேண்டும். இரவு கரையேறி, மீனை இறக்கி, பங்கைப் பேசி முடிக்கும்போது மணி பத்தை நெருங்கும். டாஸ்மாக் கடை பகல் 12க்குத் திறந்து இரவு 10க்கு மூடுகிறது.

இந்த மூன்று நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்பது மணிக்குக் கரை, பத்து மணிக்குக் கடை, நாலு மணிக்குச் சாலை. நடுவில் ஆறு மணி நேரம்.

ஒரு குவார்ட்டர் என்றால் 180 மில்லி. பிராந்தி, ரம் எதுவானாலும் அதில் சாராயச் சத்து 42.8 சதவீதம். எடையில் கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். 65 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் இது கலந்து பரவும்போது, ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலும் ஏறத்தாழ 135 மில்லிகிராம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம். அதாவது சட்டம் சொல்வதைப் போல நாலு மடங்குக்கு மேல். ‘ஒரு கட்டிங்தான்’ என்று குவார்ட்டரை இருவர் பகிர்ந்துகொண்டாலும் ஒவ்வொருவருக்கும் அறுபதைத் தாண்டும். அதுவே அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு.

இனி இறங்குகிற கணக்கு. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். அதை அவசரப்படுத்த வழியே இல்லை. மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி, தலையில் நாலு வாளி தண்ணீர் எதுவும் ஒரு மில்லிகிராமைக்கூடக் கூடுதலாகக் குறைக்காது. காப்பி தூக்கத்தைக் கலைக்கும், போதையைக் கலைக்காது. 135இலிருந்து 30க்கு வர ஏழு மணி நேரம். பத்து மணிக்குக் குடித்து முடித்தவர் அதிகாலை ஐந்து மணிக்குத்தான் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறார். நாலு மணிக்குப் பைக்கை எடுக்கும்போது அவர் ரத்தத்தில் இன்னும் 45 இருக்கும். அவருக்கு அது தெரியாது. தூங்கி எழுந்தாயிற்று, முகம் கழுவியாயிற்று, கால் தடுமாறவில்லை, தெளிந்துவிட்டது என்று மனசாரத்தான் கிளம்புகிறார். ஆஃப் அடித்தவராக இருந்தால், மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் அவர் ஓட்டத் தகுதியில்லாதவர்தான். எடை குறைந்த உடம்புக்கும், பட்டினி வயிற்றுக்கும், பெண்களுக்கும் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

மீதமிருக்கிற அளவு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். மூச்சை ஊதிச் சோதிக்கும் கருவியை 1954இல் உருவாக்கிய ராபர்ட் போர்கன்ஸ்டைன் அமெரிக்கக் காவல் துறையில் வேலை பார்த்தவர். அவர் 1960களின் தொடக்கத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், விபத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களையும், அதே இடத்தில் அதே நேரத்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஓட்டுநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 60 மில்லிகிராமில் விபத்து வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு, 100இல் ஆறேழு மடங்கு, 150இல் ஏறத்தாழ 25 மடங்கு. படிப்படியாக ஏறுவதில்லை, பாய்ந்து ஏறுகிறது. போதை முதலில் தொடுவது காலை அல்ல, முடிவெடுக்கும் மூளையை. முன்னால் விளக்கில்லாமல் ஓரங்கட்டி நிற்கும் டிரெய்லரைக் கண் பார்த்துவிடும். பிரேக்கை மிதிக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு நொடி தாமதிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்பது பதினாறு, பதினேழு மீட்டர் தூரம். துறைமுகச் சாலையில் ஓரமாக நிற்கும் டிரெய்லர்களின் பின்பக்கம் எவ்வளவு உயரம், அதன் கூர்மை எப்படி என்று பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. சாலைச் சாவில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் என்பது 2022இன் அரசுக் கணக்கு.

அந்த டிரெய்லர் ஓட்டுநரைப் பற்றியும் பேசாமல் போகக் கூடாது. சரக்கேற்ற முறை வரும்வரை நாள்கணக்கில் வரிசையில் கிடக்கிறார். முன்பெல்லாம் கூட ஒரு கிளீனர் இருப்பார், இப்போது பல வண்டிகளில் ஓட்டுநர் ஒற்றை ஆள். குளிக்கவும் தூங்கவும் ஒழுங்கான இடமில்லாமல், வீட்டுக் குரலைப் போனில் மட்டும் கேட்டு, கேபினுக்குள் சுருண்டு கிடக்கும் மனிதர் மாலையில் ஒரு குவார்ட்டரை வாங்குவதை ஒழுக்கக் குறைவு என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ‘உன் வண்டி உள்ளே வரலாம்’ என்று தகவல் வந்தால் அவர் வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும். கூலி டிரிப் கணக்கில்தான். ஓய்வறையும், நேரம் குறித்துச் சொல்லும் வரிசை முறையும் சாலைப் பாதுகாப்பில் சேர்ந்தவை என்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

இவ்வளவும் உண்மையானால் அரசுக் கணக்கில் தெரிய வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். 2022இல் நாடு முழுக்க நடந்த 4,61,312 விபத்துகளில் குடிபோதையால் நடந்ததாகப் பதிவானது 2.2 சதவீதம்தான். அதிவேகம் என்று பதிவானது 72 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வேறு: பணக்கார நாடுகளில், விபத்தில் இறக்கும் ஓட்டுநர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ரத்தத்தில் அளவுக்கு மீறிய ஆல்கஹால் இருக்கிறது. வளரும் நாடுகளில் செய்த ஆய்வுகளில் அது 33 முதல் 69 சதவீதம் வரை போகிறது. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் எப்படி வந்தது? அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது யாரும் ஊதச் சொல்வதில்லை. ரத்தம் எடுப்பதற்குள் மணிகள் ஓடிவிடும், அளவும் இறங்கிவிடும். எஃப்.ஐ.ஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ‘குடிபோதையில்’ என்று சேர்த்தால், ஓட்டியவரின் சொந்த இன்ஷூரன்ஸ் கைவிட்டுப் போகலாம். செத்தவர் வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது அந்தச் சொல்லை எழுத யாருக்கும் கை வருவதில்லை. அந்த இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எழுதாமல் விட்டதெல்லாம் நடக்காததாக ஆகிவிடுகிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பரிசோதனை வாய்த்தது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றக் கோரி வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. 20,000க்கு மேல் மக்கள்தொகை இல்லாத ஊர்களுக்கு அந்தத் தூரம் பிறகு 220 மீட்டராகக் குறைந்தது. 2017 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கடைக்குள் போய்விட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கும் காட்சி நெடுஞ்சாலையில் அன்றைக்குக் குறைந்தது உண்மை. அதை நான் சிறிய விஷயமாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மூடிய கடைகள் ஊருக்குள் இடம் தேடின. பெண்கள் தெருவுக்கு வந்து மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்தது நாடு முழுக்கப் பார்த்த காட்சி. அந்த ஜூலையிலேயே, நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளை இந்தத் தீர்ப்பு தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் சொல்லிவிட்டது. தூரத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை இந்த வழக்கின் கதை காட்டுகிறது. பக்கத்தில் கடை இல்லாதவன் நடந்து போவதில்லை, பைக்கில் போகிறான். போன பைக்கில்தான் திரும்பவும் வருகிறான். இரவு பத்து மணிக்குமேல் கரையோரக் கிராமத்துக்கு மினி பஸ் ஏது? ஆகவே கடையைத் தள்ளி வைப்பதோடு வேலை முடியவில்லை, வீடு திரும்பும் வழியையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருந்தது. அதை யாரும் செய்யவில்லை. 2024-25இல் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். கடைசிக் கடை மூடிய பிறகு ஊருக்கு ஒரு பஸ் விட அதில் எத்தனை காசு ஆகும்?

தண்டனையைக் கூட்டினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. கூட்டியாயிற்று. 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாயாக இருந்தது 10,000 ஆனது, ஆறு மாதம்வரை சிறையும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து இந்தத் தொகை வசூலாகிறது. ஆனால் பத்தாயிரம் என்ற எண்ணைவிட, ‘இன்றைக்கு என்னைப் பிடிப்பார்கள்’ என்ற நினைப்புதான் சாவியைக் கீழே வைக்கச் செய்யும். ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் அனுமதி அளவை 80இலிருந்து 50ஆகக் குறைத்தது. பக்கத்திலேயே இங்கிலாந்தும் வேல்ஸும் 80இலேயே இருந்தன. ஒரே நாட்டுக்குள் இரண்டு சட்டம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது ஸ்காட்லாந்தில் விபத்து குறையவில்லை. சாலையில் சோதனை கூடவில்லை என்பதை அவர்கள் முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். இதற்கு நேர்மாறாக, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. அதைத் தெருத் தெருவாக, கண்ணில் படும்படி, விடாமல் செய்தார்கள். சாலைச் சாவு சட்டென்று இறங்கியது.

நம் ஊரில் ஊதச் சொல்லும் நேரம் பெரும்பாலும் இரவு பத்திலிருந்து நள்ளிரவுவரை. அது வேண்டும்தான். ஆனால் மேலே போட்ட கணக்கு சரியென்றால், கிழக்கு வெளுப்பதற்கு முன் மூன்றரையிலிருந்து ஐந்தரைவரை திருச்செந்தூர் சாலையிலும் மீன்பிடித் துறைமுகம் போகும் வழியிலும் ஒரு வண்டி போலீஸ் நிற்க வேண்டும். நேற்று இரவு குடித்தவரும் இன்று காலை உப்பளத்துக்குப் போகிறவரும் ஒரே சாலையில் சந்திக்கும் நேரம் அது. முதல் ஒரு மாதம் அபராதம்கூட வேண்டாம். மிஷினில் தெரியும் எண்ணை அவருக்கே காட்டி, சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாலே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். தெரிந்து தப்புச் செய்கிறவர்களைவிடத் தெரியாமல் கிளம்புகிறவர்கள்தான் அந்த நேரத்தில் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

‘குடிகாரனைத் திருத்த முடியாது’ என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கரையிலேயே பதில் இருக்கிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர் அத்தனை நாளும் கடைப் பக்கம் திரும்ப மாட்டார். தவக்காலத்தில் நாற்பது நாள் தொடாமல் இருக்கும் கடல் தொழிலாளிகள் புன்னைக்காயல், மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் எங்கும் உண்டு. அந்த நாட்களில் கூட்டாளியும் “ஒரு ரவுண்டு வா மக்கா” என்று கூப்பிட மாட்டான். மாலை போட்டிருக்கான், விடு என்று ஒதுங்கிக்கொள்வான். மனிதனின் உறுதியோடு சுற்றியிருப்பவர்களின் மரியாதையும் சேர்ந்தால் எதையும் நிறுத்த முடியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். அதே மரியாதையை வண்டிச் சாவிக்குக் கொடுக்க முடியாதா? ஜப்பான் 2007இல் சட்டத்தையே இப்படி மாற்றியது. ஓட்டியவரோடு, அவருக்கு வண்டி கொடுத்தவர், ஓட்டப்போகிறார் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவர், தெரிந்தே கூட ஏறிப் போனவர் எல்லோரும் குற்றவாளிகள். சென்னையில் 2022இல் போக்குவரத்துப் போலீஸும் பின்னால் உட்கார்ந்து போகிறவர்மீது வழக்குப் போடத் தொடங்கியது. அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. பின்னால் ஏறுகிறவர் ஏறமாட்டேன் என்று சொன்னால் முன்னால் இருப்பவரும் ஒரு நிமிடம் யோசிப்பார்.

விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல திட்டம், பல உயிர்களைக் காப்பாற்றும் திட்டம். அதற்கு வேலையே இல்லாமல் செய்வதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற படகு உரிமையாளர்களிடமும் லாரி முதலாளிகளிடமும் ஒன்று கேட்கிறேன். ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி, படகடியிலும் லாரி ஷெட்டிலும் வையுங்கள். காலையில் கிளம்பும் ஒவ்வொருவரையும் ஊதச் சொல்லுங்கள். எண் 30க்கு மேல் காட்டினால் அன்றைய கூலியைப் பிடிக்காமல் இரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள். வீட்டில் இருக்கிற அக்கா தங்கச்சிகளிடம் கேட்பது அதைவிடச் சிறியது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரோடு வந்தவர் கையில் காலை ஏழு மணிவரை சாவியைக் கொடுக்காதீர்கள்.